மோரிகன் இருந்தாள் என்பதால் செல்டிக் பெண்கள் ஆண்டார்களா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "செல்டிக் புராணங்களில் மோரிகன், மேவ், பிரிஜித் என்று இவ்வளவு வலிமையான பெண்கள் வருகிறார்களே, அது பெண்கள் ஆண்ட சமூகம்தானே? கிறிஸ்தவம் வந்துதானே அதை அழித்தது? கன்னி, தாய், கிழவி என்ற மூன்று வடிவத் தேவியும் அவர்களுடையதுதானே?" மூன்று 'தானே' இருக்கின்றன. அடியில் கிடப்பது ஒரே கேள்வி: ஒரு மக்கள் சக்தி வாய்ந்த தேவியைப் பற்றிக் கதை சொன்னால், அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சக்தியில் பங்கு இருந்ததா? அயர்லாந்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். வேறு இடங்களில் பதில் கொஞ்சம் மாறும்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஐரிஷ் மொழியைச் சில ஆண்டுகள் ஆசிரியரிடம் உட்கார்ந்து படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தை வாசிப்பேன். வெல்ஷ் கதைகளை மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்திருக்கிறேன். தொல்லியலிலும் மரபணு ஆய்விலும் நான் வெறும் வாசகன். ஆகவே ஐரிஷ் நூல்களைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் துணிந்து பேசுவேன், மற்றவற்றில் குரல் தானாகத் தணிந்துவிடும்.

'செல்டிக்' என்ற சொல்லே முதல் சிக்கல். தன்னை 'செல்ட்' என்று சொல்லிக்கொண்ட இடைக்கால ஐரிஷ்காரர் ஒருவர்கூடக் கிடையாது. ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தோன், பழங்கால பிரான்சில் பேசப்பட்டு அழிந்துபோன கோல் மொழி எல்லாம் ஒரே குடும்பம் என்பதை எட்வர்ட் லூயிட் 1707-இல் விரிவாக எழுதிய பிறகுதான் இவர்களை ஒரே கூரைக்குக் கீழே வைக்கும் பழக்கம் ஊன்றியது. பிரான்சின் பர்கண்டியில் கி.மு. 500 வாக்கில் வாழ்ந்த ஒரு பெண்ணையும், கி.பி. 1100-இல் ஓர் ஐரிஷ் துறவி எழுதிய கதையில் வரும் அரசியையும் ஒரே வாக்கியத்தில் வைத்து "செல்டிக் பெண்கள்" என்று பேசும்போது, நடுவே ஆயிரத்து அறுநூறு வருடமும் ஒரு கடலும் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

ஆதாரங்களும் மூன்று விதம். கிரேக்கரும் ரோமரும் எழுதியவை முதலாவது. எதிரிகள், அல்லது தூரத்தில் இருந்து கேள்விப்பட்டவர்கள் எழுதியவை. ரோமர் ஆட்சிக் காலத்துக் கல்வெட்டுகளும் சிலைகளும் காணிக்கைப் பொருட்களும் இரண்டாவது. இவற்றில் தெய்வத்தின் பெயர் இருக்கும், கதை இருக்காது. மூன்றாவதாக இடைக்கால ஏடுகள். இவற்றில் கதை கொட்டிக் கிடக்கும், ஆனால் எழுதியவர்கள் கிறிஸ்தவ மடங்களில் படித்தவர்கள். 12-ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் ஏட்டில் மேவ் அரசியின் பெரிய கதையை எழுதி முடித்தவர், கடைசியில் லத்தீனில் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார். இதில் பலவற்றை நான் நம்பவில்லை, சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர்களின் கற்பனை, சில முட்டாள்களை மகிழ்விக்க எழுதியவை என்கிறார். இவ்வளவு நீளமான கதையைக் கையால் எழுதிவிட்டு இப்படி ஒரு கையெழுத்து! எனக்கு மிகவும் பிடித்த எழுத்தர் அவர்.

அந்தக் கதை 'டாயின் போ கூலி', கூலியின் மாடு கவர்தல். மேவ் கொனாக்ட் நாட்டின் அரசி. படுக்கையில் அவளுக்கும் கணவன் ஆலிலுக்கும் பேச்சு தொடங்குகிறது. "என்னைக் கட்டியதால் உனக்கு நல்லகாலம்" என்கிறான் அவன். "உனக்கு முன்பே எனக்கு எல்லாம் இருந்தது" என்கிறாள் அவள். சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று வாளி, பானை, இரும்புச் சட்டி, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து எதிரெதிரே வைக்கிறார்கள். எல்லாம் சமம், ஒன்றைத் தவிர. ஆலிலின் மந்தையில் வெண்கொம்பன் என்றொரு காளை. அது மேவின் பசுவுக்குப் பிறந்த கன்றுதான். ஆனால் ஒரு பெண்ணின் சொத்தாக இருப்பது தனக்கு மரியாதை இல்லை என்று மந்தை மாறிப் போய்விட்டதாம். அதற்கு ஈடாக அல்ஸ்டர் நாட்டில் இருக்கும் பழுப்புக் காளையைக் கவரத்தான் மேவ் படையெடுக்கிறாள்.

இணையத்தில் இந்தக் காட்சி பெண்ணுரிமைப் பிரகடனமாக உலவுகிறது. மூலத்தைப் படித்தால் இது சட்டநூல் தெரிந்த ஒருவர் எழுதிய கேலி என்று தெரியும். மேவ் கணவனைத் திட்டும்போது, நீ பெண்ணின் சொத்தில் வாழும் ஆண் என்கிறாள். அது வெறும் வசை இல்லை, சட்டச் சொல். கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட ஐரிஷ் திருமணச் சட்டம் ஆண் பெண் சேர்க்கையை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. இருவரும் சொத்துக் கொண்டுவந்த திருமணம் ஒன்று, ஆண் கொண்டுவந்தது ஒன்று, பெண் கொண்டுவந்தது ஒன்று. யார் சொத்தோ அவர் சொல்தான் வீட்டில் எடுபடும். ஆகவே அந்தத் தலையணைச் சண்டை, இந்த வீட்டில் யார் தலைவர் என்ற வழக்கு விசாரணை. முடிவைக் காளையே சொல்லிவிட்டது. கதையின் கடைசியில் தோற்றுத் திரும்பும் படையைப் பார்த்து, மேவின் பக்கம் நின்ற வீரன் ஃபெர்கஸ் சொல்வதும் அதே தொனிதான்: பெட்டைக் குதிரை முன்னால் நடந்த மந்தைக்கு இதுதான் கதி. இந்த நூல் மேவைப் பார்த்து வியக்கிறது, பயப்படுகிறது, சிரிக்கிறது. கொண்டாடுகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சிறு விவரம். அந்தக் காளையை ஒரு வருடம் இரவலாகக் கேட்டு மேவ் முதலில் தூது அனுப்புகிறாள். பதிலுக்குத் தருவதாகச் சொல்பவற்றில் இருபத்தொரு 'குமல்' மதிப்புள்ள ஒரு தேர் உண்டு. குமல் என்றால் அடிமைப் பெண். பழைய அயர்லாந்தில் நாணயம் புழங்கவில்லை. பசுவும் குமலும்தான் விலை சொல்லும் அளவைகள். ஒரு குமல் பெரும்பாலும் மூன்று கறவை மாடு. சட்டங்கள் எழுதப்பட்ட காலத்தில் அது வெறும் கணக்கு அலகாகத் தேய்ந்திருக்கலாம், நிலத்தைக்கூட அதில் அளந்தார்கள். ஆனாலும் அலகுக்கு அந்தப் பெயர் வந்த வழி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அயர்லாந்தின் மிகப் பெரிய அரசி ஒரு தேரின் விலையை இருபத்தொரு அடிமைப் பெண்கள் என்று சொல்கிறாள்; அந்த இடத்தில் எவருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

அப்படியானால் மேவ் யார்? அவள் பெயர் தேன்மதுவைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது, 'போதை தருபவள்' என்ற பொருளில். வடமொழி 'மது' அதே வேரிலிருந்து வந்த உறவுக்காரச் சொல். நாம் அதைத்தான் கடன் வாங்கி வைத்திருக்கிறோம். தாரா என்ற அரசபீடத்துக்கும் மேவ் என்ற பெயரில் இன்னொருத்தி உண்டு. அவளை மணந்தவன்தான் அரசன், ஒருவன் போனால் அடுத்தவன். இருவரும் மூலத்தில் ஒரே தெய்வமாக இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து, எனக்கும் சரியாகப் படுகிறது. ஐரிஷ் நூல்களில் அரசுரிமை என்பதே ஒரு பெண். அரசன் பட்டமேற்பதற்கு 'அரசின் திருமணம்' என்றே பெயர். அவள் நீட்டும் கோப்பையைக் குடிப்பவன் ஆள்வான்.

இதன் மிகத் தெளிவான வடிவம் நியாலின் கதை. ஐந்து சகோதரர்கள் வேட்டையில் தாகத்தோடு அலைகிறார்கள். கிணற்றைக் காக்கும் கோரமான கிழவி, முத்தம் கொடுத்தால் தண்ணீர் என்கிறாள். ஒருவன் உதட்டளவில் ஒரு முத்தம் கொடுத்து ஒப்பேற்றுகிறான், மற்றவர்கள் ஓடுகிறார்கள். நியால் மட்டும் முத்தம் என்ன, உன்னோடு படுக்கவே தயார் என்று அணைக்க, அவள் பேரழகியாகி, "நானே ஆட்சி" என்கிறாள். முதலில் கோரம், கடைசியில் அழகு, ஆட்சியும் அப்படித்தான் என்று விளக்கமும் தருகிறாள். இதைச் சொன்னவர்கள் நியாலின் வழிவந்த ஈ நேல் குலத்தின் புலவர்கள். மற்ற சகோதரர்களின் சந்ததிக்கு ஏன் பட்டம் இல்லை என்பதற்கு இது ஒரு பத்திரம் மாதிரி. தேவிக்கு இங்கே வேலை, எந்த ஆணுக்கு நிலம் என்று முத்திரை குத்துவது. நிலம் பெண் என்பதால் நிலத்தை ஆள்பவன் கணவன். இந்த உருவகம் பெண்ணுக்கு அதிகாரம் தரவில்லை என்பது மட்டுமல்ல, அதிகாரம் ஆணுடையது என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இதோடு சேர்த்து அடிக்கடி பகிரப்படும் ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1188 வாக்கில் வேல்ஸின் ஜெரால்ட் என்ற நார்மன் வம்சத்துப் பாதிரியார், வட அயர்லாந்தில் ஒரு குலத்தின் அரசன் வெள்ளைப் பெட்டைக் குதிரையைப் புணர்ந்து, அதை வெட்டி வேகவைத்து, அந்த ரசத்தில் உட்கார்ந்து குடித்துப் பட்டமேற்பான் என்று எழுதினார். ஐரிஷ்காரர்கள் காட்டுமிராண்டிகள் என்று காட்டுவது அவர் நூலின் நோக்கங்களில் ஒன்று. சடங்கை அவர் கண்ணால் பார்க்கவும் இல்லை. அதனால் குப்பையில் போடலாம் என்றால், நம் பக்கத்து அசுவமேதம் குறுக்கே வருகிறது. அங்கே பட்டத்து அரசி பலியான குதிரையின் பக்கத்தில் படுக்க வேண்டும். ஆண் பெண் இடம் மாறியிருக்கிறது, குதிரையும் அரசும் பலியும் அப்படியே இருக்கின்றன. பொதுவான பழைய மரபின் மிச்சம் என்று பல மொழியியலாளர்கள் நம்புகிறார்கள். ஜெரால்டின் காலத்தில் அது உண்மையில் நடந்ததா என்பது வேறு விஷயம். நான் அதில் பந்தயம் கட்ட மாட்டேன்.

மோரிகனுக்கு வருவோம். விளையாட்டுகளிலும் தொடர்களிலும் அவள் கருங்காக்கைச் சிறகோடு வாளேந்தி வருகிறாள். நூல்களில் அவள் பெரும்பாலும் வாளைத் தொடுவதே இல்லை. அவள் ஆயுதம் பேச்சு. தூண்டுவாள், அச்சுறுத்துவாள், யார் சாவார் என்று முன்னமே சொல்வாள். பெயரின் முதல் பாதியை நெடிலாக எடுத்தால் 'பேரரசி', குறிலாக எடுத்தால் 'பேயரசி' போல ஒரு பொருள் வரும். ஏடுகள் இரண்டு மாதிரியும் எழுதுகின்றன. பழைய வடிவம் குறில்தான் என்று கருதுபவர்கள் அதிகம். 9-ஆம் நூற்றாண்டில் விவிலியத்தின் ஏசாயா நூலுக்குக் குறிப்பு எழுதிய ஒருவர், பாழிடத்தில் வாழும் பெண்பேயைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் 'மோரிகன்' என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் அவளை எந்த ரகத்தில் சேர்த்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

ஆனால் கதைகள் அதைவிடச் செழிப்பானவை. ஸ்லைகோ பக்கத்தில் ஒரு ஆற்றின் இரண்டு கரைகளிலும் காலை ஊன்றி, ஒன்பது சடை அவிழ்ந்து தொங்க, குளித்துக்கொண்டிருக்கும் அவளைத் தாக்தா என்ற தெய்வம் சந்திக்கிறது, கூடுகிறார்கள், வரப்போகும் போரில் எதிரி அரசனின் இதயத்து ரத்தத்தை எடுப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். கூ குலன் என்ற இளம் வீரனிடம் அவள் நெருங்குவதும், அவன் எனக்கு இப்போது பெண் தேவையில்லை என்று விரட்டுவதும், ஆற்றின் நடுவே சண்டையில் அவள் விலாங்காக அவன் காலைச் சுற்றுவதும், ஓநாயாக, சிவப்புக் கடாரியாக வந்து மோதுவதும் டாயினில் வருகின்றன. மூன்று முறையும் அவளுக்குக் காயம். அவன் அடித்த காயத்தை அவனே ஆசீர்வதித்தால்தான் ஆறும். அதனால் பிறகு மூன்று காம்புப் பசுவைக் கறக்கும் கிழவியாக உட்கார்ந்திருக்கிறாள். களைத்து வந்தவன் பால் கேட்கிறான். ஒவ்வொரு வாய்ப் பாலுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்கிறான், ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு காயம் ஆறுகிறது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று அவன் புலம்புவதோடு அந்தக் காட்சி முடியும். பழைய ஐரிஷ் உரைநடையில் இதற்கு இணையான பகுதி குறைவு. காக்கை விஷயத்தில் ஒரு திருத்தம்: அவளோடு சேர்த்துப் பேசப்படும் 'பத்வ்' என்ற பெயர், சாம்பல் உடலும் கருந்தலையும் கொண்ட அந்த நாட்டுக் காக்கையைக் குறிக்கும். டப்ளின் பொது அஞ்சலகத்தில் இருக்கும் கூ குலன் சிலையில், கல்லோடு தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடி செத்தவனின் தோளில் உட்கார்ந்திருக்கும் பறவை அதுதான்.

மூன்று என்ற எண்ணுக்கு இங்கே வருகிறேன், ஏனென்றால் கன்னி, தாய், கிழவி என்பதற்குச் சாட்சியாக மோரிகனைத்தான் இழுப்பார்கள். மூன்றாக வருவது உண்மையிலேயே பழையது. மோரிகன், பத்வ், மாகா என்று மூன்று சகோதரிகள் வருகிறார்கள். 900 வாக்கில் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொற்களஞ்சியம், தாக்தாவின் மகள்களாக மூன்று பிரிஜித்துகளைச் சொல்கிறது. ஒருத்தி புலவர்களுக்கு, ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லர் தொழிலுக்கு. ரைன் நதிப் பகுதியில் ரோமர் காலத்தில் 'மாத்ரோனா' என்ற அன்னையருக்கு நூற்றுக்கணக்கில் கல் நட்டிருக்கிறார்கள், அங்கும் மூன்று பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இந்த மும்மைகளில் வயது வரிசை கிடையாது. பிரிஜித்துகள் தொழிலால் வேறுபடுகிறார்கள். ரைன்லாந்து அன்னையரில் நடுவில் இருப்பவள் முடி விரித்த இளம்பெண், இரண்டு பக்கமும் பெரிய வட்டத் தலைப்பாகை போட்ட மணமான பெண்கள், கிழவி இல்லை. கன்னி, தாய், கிழவி என்ற வாய்பாட்டை உலகப் புகழ் பெறவைத்தது ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948-இல் வெளியிட்ட நூல். இன்று அந்த வடிவத்தைக் கும்பிடுபவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அது 20-ஆம் நூற்றாண்டுச் சமயம், அவ்வளவுதான்.

'தனு' என்ற ஆதித்தாய்க்கும் இதே நிலைமை. ஐரிஷ் தெய்வக்கூட்டத்துக்கு 'துவாதா தே தனன்' என்று பெயர். அதை 'தனுவின் மக்கள்' என்று பிரித்து, வேதத்தின் தானுவோடும் டான்யூப் நதியோடும் இணைத்து ஒரு பெருந்தாயை இணையம் வளர்த்துவிட்டது. பழைய நூல்களில் அந்தக் கூட்டத்துக்கு 'துவாதா தே' மட்டுமே, தெய்வ மக்கள். 'தனன்' பிறகு ஒட்டியது. தனுவுக்கென்று ஒரு கதைகூடக் கிடையாது. ஆனால் 'அனு' என்றொருத்தி இருக்கிறாள். அதே கோர்மாக் அவளை ஐரிஷ் தெய்வங்களின் தாய் என்கிறார், கெரி மாவட்டத்தில் அருகருகே நிற்கும் இரண்டு குன்றுகளுக்கு இன்றும் 'அனுவின் முலைகள்' என்றுதான் பெயர். உச்சி இரண்டிலும் வரலாற்றுக்கு முந்தைய கற்குவியல் காம்பு மாதிரி நிற்கிறது. நிலத்தைப் பெண்ணுடலாகப் பார்த்த கண் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிரிஜித் கதை கொஞ்சம் வேறு. பெயரின் பொருள் 'உயர்ந்தவள்', வடமொழி பிருஹதியின் உறவு. வட இங்கிலாந்தில் பிரிகாந்தியா என்ற தேவிக்குக் கல்வெட்டுகள் உண்டு. கில்டேர் மடத்தை நிறுவிய புனித பிரிஜித்தின் திருநாள், பழைய வசந்தத் தொடக்கமான பிப்ரவரி 1. பத்தொன்பது கன்னியர் முறைவைத்து ஒரு தீயைக் காத்ததாகவும், இருபதாம் இரவு பிரிஜித்தே காத்ததாகவும் அதே ஜெரால்ட் எழுதுகிறார். தேவியைத்தான் புனிதராக்கினார்கள் என்பது பொதுவான முடிவு. அப்படி ஒரு மடத்தலைவி உண்மையிலேயே இருந்து, தேவியின் குணங்கள் அவள் மேல் படிந்திருக்கவும் இடமுண்டு. 7-ஆம் நூற்றாண்டிலேயே அவளுக்கு லத்தீனில் வாழ்க்கை வரலாறு வந்துவிட்டது. "கிறிஸ்தவம் அழித்தது" என்ற உங்கள் வாதத்துக்கு அவள் நேர் எதிர்ச் சாட்சி. கில்டேரின் மடத்தலைவி, ஆண் துறவிகளையும் சேர்த்து ஆண்ட பெண். அப்படிப்பட்ட பதவி அன்றைய அயர்லாந்தில் திருச்சபைக்குள்தான் கிடைத்தது. துறவறம் கொடுக்க வந்த ஆயர் தவறுதலாக ஆயர் பட்டத்துக்கான மந்திரத்தையே அவளுக்கு வாசித்துவிட்டார் என்று ஒரு பழைய வரலாறு சொல்லும். 697-இல் அதோம்னான் என்ற மடத்தலைவர் கொண்டுவந்த சட்டம், பெண்களையும் சிறுவரையும் குருமாரையும் போரில் கொல்வதற்குத் தண்டம் விதித்தது. இதுவும் திருச்சபையின் வேலை. 2023 முதல் பிரிஜித் நாள் அயர்லாந்தில் பொது விடுமுறை.

அப்போது சட்டம் பெண்ணை எப்படிப் பார்த்தது? ஒரு வரியை மட்டும் சொல்கிறேன்: கன்னிப் பெண்ணாக இருக்கும்போது தந்தை அவளுக்கு மேல், மனைவியாக இருக்கும்போது கணவன், விதவையானால் மகன்கள். மனுவைப் படித்தவர்களுக்கு மயிர் கூச்செறியும். கிட்டத்தட்ட வரிக்கு வரி அதே வாசகம். மனைவியின் மான விலை, அதாவது அவளை அவமதித்தால் தர வேண்டிய ஈடு, பொதுவாகக் கணவனுடையதில் பாதி. சகோதரன் இல்லாத மகள் நிலத்தை அனுபவிக்கலாம், ஆனால் அவளுக்குப் பின் அது தந்தையின் குலத்துக்கே திரும்பும். இருட்டு மட்டும்தான் என்று சொல்லவில்லை. கணவன் படுக்கையறை ரகசியத்தை வெளியே சொன்னாலோ, தழும்பு விழ அடித்தாலோ, அவளைப் பழித்துப் பாட்டுக் கட்டினாலோ, கட்டிலுக்கு உதவாத அளவு பருத்துப்போனாலோ அவள் சீதனத்தை எடுத்துக்கொண்டு போகலாம். பெண் மருத்துவரும், 'போரின் ஓடையைத் திருப்பும் பெண்' என்று ஒருத்தியும் சட்டநூலில் வருகிறார்கள். பின்னவள் என்ன செய்தாள் என்று நானும் பல இரவு யோசித்திருக்கிறேன்.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாகாவின் கதையைப் படியுங்கள். நிறைமாதக் கர்ப்பிணி. புருஷன் சந்தையில் வாய்விட்டுவிட்டான், என் மனைவி அரசனின் குதிரைகளை விட வேகமாக ஓடுவாள் என்று. அவளைப் பிடித்து வந்து ஓடச் சொல்கிறார்கள். உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய்தானே பெற்றாள், பிரசவம் வரை பொறுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறாள். எவனும் அசையவில்லை. ஓடி ஜெயித்து, எல்லைக்கோட்டிலேயே இரட்டைக் குழந்தை பெறுகிறாள், கத்துகிறாள். ஆபத்து வரும்போதெல்லாம் அல்ஸ்டர் ஆண்கள் ஐந்து பகலும் நான்கு இரவும் பிரசவ வேதனையில் கிடக்கட்டும், ஒன்பது தலைமுறைக்கு. அந்த ஊரின் பெயரே எவின் மாகா, மாகாவின் இரட்டையர். அர்மா நகருக்குப் பக்கத்தில் அந்த மேடு இருக்கிறது. அங்கே நாற்பது மீட்டர் அகலத்துக்கு ஒரு மரக் கட்டுமானம் எழுப்பி, உள்ளே கல்லை நிரப்பித் தீ வைத்து, மேலே மண் மூடியிருக்கிறார்கள். நடுத்தூண் வெட்டப்பட்டது கி.மு. 95 அளவில் என்று மரவளையங்கள் சொல்கின்றன. எதற்காக எரித்தார்கள் என்பதற்கு அகழ்வாராய்ச்சியிலும் பதில் கிடைக்கவில்லை.

வெல்ஷ் பக்கம் சுருக்கமாக. மாபினோகி என்ற இடைக்கால வெல்ஷ் கதைத் தொகுப்பின் ரியானன் முதலில் வரும்போது, மெதுவாகப் போகும் அவள் குதிரையை எவ்வளவு விரட்டினாலும் எட்ட முடியாது. நின்று பேசு என்று கேட்டதும் நின்றுவிடுகிறாள், முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று குத்தலாகவும் சொல்கிறாள். அதே ரியானன், குழந்தையைக் கொன்றாள் என்ற பொய்ப் பழியில் ஏழு வருடம் வாசற்கல்லில் உட்கார்ந்து, வருபவரிடம் தன் குற்றத்தைச் சொல்லி, முதுகில் சுமக்கட்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிரான்வென் அயர்லாந்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டு, அடுக்களையில் தள்ளப்பட்டுக் கசாப்புக்காரனிடம் தினமும் அறை வாங்குகிறாள். மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் ஒரு மைனாவை வளர்த்துப் பேசப் பழக்கி, அதன் சிறகில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள். இந்தக் கதைகளைத் தெய்வக் கதை என்பதை விட, இரண்டு குடும்பத்துக்கு நடுவே மாட்டிய பெண்களின் கதை என்று படித்தால் அதிகம் கிடைக்கும். ரியானன்தான் கோல் நாட்டுக் குதிரைத் தேவி எபோனா என்பது அழகான ஊகம், ஊகம்தான்.

இனி பதில் மாறும் இடம். பிரிட்டனில் கி.பி. 60 அளவில் பூடிக்கா என்ற அரசி ரோமருக்கு எதிராகப் படை நடத்தியதும், பிரிகாந்தேஸ் குலத்தை கார்த்திமண்டுவா ஆண்டதும் வரலாறு. இவர்கள் தலைமைக்கு ஆண் பெண் பார்ப்பதில்லை என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பூடிக்காவின் செந்நிறக் கூந்தலும் மடியிலிருந்து முயல் விட்டுக் குறி பார்த்ததும் இன்னொரு வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதியவை, நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பர்கண்டியின் வீக்ஸ் கல்லறையில் 1953-இல் கிடைத்த பெண்ணோடு 1.64 மீட்டர் உயரமும் 208 கிலோ எடையும் உள்ள வெண்கலச் சாடி இருந்தது. இவ்வளவு செல்வம் ஒரு பெண்ணுக்கா என்று தாளாமல், அது பெண்ணுடை தரித்த ஆண் பூசாரி என்று வாதிட்டவர்களும் உண்டு. 2025-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், தென் இங்கிலாந்தின் டார்செட்டில் ரோமர் வருகையை ஒட்டிய காலத்து இடுகாட்டின் மரபணுக்களை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் ஒரே தாய்வழியில் வந்தவர்கள். அதாவது பெண்கள் பிறந்த ஊரிலேயே இருந்தார்கள், ஆண்கள் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார்கள். செய்திகள் இதைப் பெண்ணாட்சி என்று தலைப்பிட்டன. தாய்வீட்டிலேயே வாழ்வது வேறு, ஆட்சி வேறு. ஆனால் அண்ணன் தம்பி பக்கத்திலேயே இருக்கும் பெண்ணை அடிக்க ஒரு மாப்பிள்ளை இரண்டு முறை யோசிப்பான் என்பது என் சொந்தக் கணக்கு.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு எழுதினேனோ என்னவோ. 1983-இல் தென் பிரான்சின் லார்சாக் மேட்டில், ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து இரண்டாக உடைந்த ஈயத்தகடு கிடைத்தது. கி.பி. 100 அளவில் கோல் மொழியில் எழுதப்பட்டது, அந்த மொழியில் நமக்குக் கிடைத்த நீண்ட எழுத்துகளில் ஒன்று. வாக்கியங்களின் பொருளில் நிபுணர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தெளிவாக இருப்பது, அது பெண்களின் மந்திரம் பற்றியது என்பது. 'பெண்களின் மந்திரம்' என்ற தொடரே அதில் இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து, கடலுக்கு அப்பால், புனித பேட்ரிக்கின் பெயரில் வழங்கும் காப்புப் பாடல், பெண்கள், கொல்லர்கள், துருயிதர்கள் (பழைய சமயத்தின் குருமார்) இவர்களின் மந்திரத்திலிருந்து என்னைக் காப்பாற்று என்று அதே இரண்டு சொற்களின் ஐரிஷ் வடிவத்தைச் சொல்கிறது. ஆண்கள் பயந்ததன் பதிவு அது. ஈயத்தகட்டில் இருப்பது யாருக்குப் பயந்தார்களோ அவர்களின் பெயர்ப் பட்டியல். தந்தை பெயரும் கணவன் பெயரும் ஆங்காங்கே வந்தாலும், பலரைத் தாய் என்றும் மகள் என்றும்தான் சொல்கிறது. நிஜமான உறவா, மந்திரம் கற்ற பரம்பரையா தெரியாது. தாய்க்கு 'மாதிர்', மகளுக்கு 'துக்திர்'. ஐயா என்றொருத்தி, அதியேகாவின் மகள். அதியேகா, ஐயாவின் தாய். பனோனா, பிளாதூக்கியாவின் மகள்.